பெருக்குவதற்கு ஒரு பாடவேளை

நான் ஜப்பானிய மொழி கற்பித்தவள் என்று தெரிந்ததும் ஊரில் என்னிடம் கேட்கிற கேள்விகள் இரண்டுதான். "அத்தனை எழுத்தையும் எப்படி மேடம் ஞாபகம் வெச்சிருந்தீங்க?" என்பது ஒன்று. "பச்சை மீன் சாப்பிட்டிருக்கீங்களா?" என்பது இன்னொன்று. அத்தனை எழுத்தும் எனக்கு ஞாபகம் இருந்ததில்லை. பச்சை மீன் சாப்பிட்டிருக்கிறேன். புளியைக் கரைத்துக் குழம்பு வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறேன்.

போன மாதம் புதிதாக ஒரு கேள்வி வந்தது. நான் ஓய்வு பெற்ற துறையில் இப்போது பாடம் எடுக்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பண்பாட்டுத் தாளை எடுத்துவிடலாமா என்று பேச்சு நடக்கிறதாம். தேநீர்ச் சடங்கு, கிமோனோ, பூ அடுக்குவது எல்லாம் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். "உங்க காலத்துல வீடியோகூடக் கெடையாதே மேடம், அந்த வகுப்புல என்னதான் பண்ணுனீங்க?" என்றாள். "கூட்டினோம்" என்றேன். அவள் பிள்ளைகளைக் கூட்டியதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அதனால்தான் இதை விவரமாக எழுத உட்கார்ந்தேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. நான் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்துக்காரி. அப்பா சைகோனில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில் அந்த ஊருக்குள் ஜப்பான்காரன் வந்துவிட, பிழைப்புக்காகக் கொஞ்சம் வார்த்தைகளைக் கற்றுக்கொண்டாராம். ஊர் திரும்பிய பிறகு அவருக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார். குஷியாக இருந்தால் ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். ஒரு வீட்டுக்கு எதற்கு இத்தனை பாஷை என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ அந்த மூன்று எண்ணுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் போலிருக்கும். அந்தக் குறுகுறுப்பு என்னை டில்லியில் ஒரு பட்டயப் படிப்பு வரை தள்ளிக்கொண்டு போயிற்று. பிறகு உதவித்தொகையில் ஜப்பானில் ஒரு வருஷம். அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் பல்கலைக்கழகம் ஒன்று காரைக்காலில் அயல்மொழி மையம் திறந்து, ஜப்பானிய மொழி கற்பிக்க என்னைச் சேர்த்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். ஆள் உயர ஜன்னல்கள், சிவப்புத் தரை. பிரெஞ்சு படிக்கப் பரம்பரையாக ஆள் இருந்தது. ஜப்பானிய மொழிக்கு யார் வருவார்கள் என்று சிரித்தார்கள். ஆனால் வந்தார்கள். கப்பல் வேலைக்கு ஆசைப்பட்டவர்கள் வந்தார்கள். மண்டபத்தூர் இறால் ஜப்பானுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு, இறாலோடு நாமும் போகலாம் என்று நினைத்தவர்கள் வந்தார்கள். வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்களும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பிரிவுக்குத் தலைவராக ஹயாஷி சார் ஜப்பானிலிருந்து வந்தார். ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான மனிதர். ஒசாக்காவில் இருந்துகொண்டு புத்தகங்களை மட்டுமே வைத்துத் தமிழ் கற்றவர். அதனால் அச்சில் இருப்பது போலவே பேசுவார். ரயிலடியில் வண்டிக்காரரிடம், "ஐயா, இவ்வூர்தி மையத்திற்குச் செல்லுமா?" என்று கேட்க, அந்த மனிதர் பயந்துபோய் வாடகை வாங்காமலே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை நான் வகுப்புக்கு வந்தபோது வராந்தாவில் ஒரே சத்தம். எங்கள் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கழிவறை கழுவும் அஞ்சலை, தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உள்ளே ஹயாஷி சார் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க டீச்சரம்மா! வெளக்கமாத்த என் கையிலேர்ந்து புடுங்கிக்கிட்டாரு. நான் கூட்டுறது புடிக்கலன்னா வாயால சொல்லலாமுல்ல? இப்புடியா பண்ணுறது?"

நான் உள்ளே போய் விசாரித்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜப்பானில் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளும் ஆசிரியர்களுமே சுத்தம் செய்வார்கள். பெருக்கவும் துடைக்கவும் கால அட்டவணையிலேயே ஒரு பாடவேளை உண்டு. நான் அங்கே இருந்தபோது பார்த்து வியந்த விஷயம்தான் அது. நாம் புழங்குகிற இடத்தை இன்னொருவர் தலையில் கட்டுவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. மரியாதை செய்கிறோம் என்று நினைத்துத்தான் விளக்குமாற்றை வாங்கியிருக்கிறார். வெளியே வந்து அஞ்சலையின் முன்னால் இடுப்பை வளைத்து வணங்கி, "அம்மையாரே, தங்கள் பணியில் யாதொரு குறையும் இல்லை" என்றார். அஞ்சலை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறாரு?"

"நீங்க நல்லாத்தான் கூட்டுறீங்களாம்."

"அப்பறம் என்னத்துக்குப் புடுங்குனாரு?"



வாரத்தில் இரண்டு பண்பாட்டு வகுப்புகள். ஒன்று முழுக்கச் சுத்தம் செய்வது என்று ஹயாஷி சார் அட்டவணை போட்டார். அதன் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைபேசியில் இது வராது. தொடங்கும் முன் எல்லோரும் வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் தலை வணங்க வேண்டும். வேலை மேலிருந்து கீழே வரும்: முதலில் விட்டத்து ஒட்டடை, பிறகு ஜன்னல், பிறகு பலகை, கடைசியில் தரை. கூட்டியானதும் ஈரத்துணியை மடித்து இரண்டு கைகளாலும் தரையில் அழுத்திக்கொண்டு, குனிந்தபடியே சுவரிலிருந்து சுவருக்கு ஓட வேண்டும். இது வந்ததும் பையன்களுக்குக் கொண்டாட்டம். சடுகுடு போலப் பந்தயம் கட்டிக்கொண்டு ஓடினார்கள். பெண்பிள்ளைகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களை முந்தினார்கள். முடிந்ததும் பேசாமல் கொஞ்சம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹயாஷி சார் யாரையும் திருத்த மாட்டார். ஒரு மூலை சரியில்லை என்றால் தானே போய்த் துடைப்பார், அவ்வளவுதான். ஜெயந்தி என்கிற மாணவி சொன்னாள்: "நாலு திட்டு திட்டிட்டாக்கூடத் தேவலாம் மேடம். அவரு துடைக்கிறதப் பாத்தா வயித்தக் கலக்குது."

கேள்வி கேட்பதில் அவர் குழந்தை மாதிரி. நகரத்தில் வீடு வீடாக விடியலில் வாசல் தெளித்துக் கூட்டிக் கோலம் போடுவதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கேட்டார்: "தம் வாசலைத் தாமே கூட்டுவோர், வாசலைத் தாண்டியவுடன் ஏன் நிறுத்திவிடுகின்றனர்?" அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கும் அன்று முதல், கூட்டுவது நின்றுபோகிற அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று தெருத் தெருவாகப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

கழிவறையும் பாடத்தில் உண்டு என்றதும்தான் சூடு பிடித்தது. நெடுங்காட்டிலிருந்து வரும் கலியபெருமாள் நன்றாகப் படிக்கிற பையன்; நெல் வெள்ளாமைக் குடும்பம். அவனுடைய அப்பா ஒரு நாள் காலையிலேயே மையத்துக்கு வந்துவிட்டார்.

"ஏன்ம்மா, எம் புள்ளய ஜப்பான் பாஷ படிக்க அனுப்புனனா, கக்கூஸ் கழுவ அனுப்புனனா? எங்க அந்த ஜப்பான் வாத்தியாரு? ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுத்தான் போவேன்."

நான் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். பனியனோடு ஹயாஷி சார் கழிவறைப் பீங்கானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரியவரைக் கண்டதும் எழுந்து, கை ஈரமாக இருந்ததால் கும்பிடாமல் தலையை மட்டும் தாழ்த்தி, "வருக, வருக" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் அவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "வாத்தியாரே கழுவுறாரா?" என்று மெதுவாக என்னிடம் கேட்டார். பிறகு வந்த வழியே போய்விட்டார்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அடுத்த வாரம் கலியபெருமாளே தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "கழுவுன அன்னிக்கி மட்டும் பம்புசெட்டுல குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்னு அப்பா சொல்லிட்டாங்க சார்."

வராந்தாவில் நின்றிருந்த அஞ்சலைக்கு இது கேட்டுவிட்டது. "வாரத்துல ஒரு நாளு கழுவுற புள்ளைக்குப் பம்புசெட்டு. தெனம் கழுவுறவளுக்கு எந்தப் பம்புசெட்டுடா தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை. ஹயாஷி சார் பம்புசெட்டு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். பிறகு, அதில் ஏன் குளிக்க வேண்டும் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அன்று முழுக்க அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஓராண்டு இருக்கும். ஒரு நாள் மையத்தின் டைரக்டர் எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். நல்ல நிர்வாகி, எதையும் பாராட்டிப் பேசுவார். எங்கள் வகுப்பின் சுத்தத்தைப் பார்த்து அவருக்குப் பூரிப்பு. மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பிரமாதம் சார்! பாண்டிச்சேரியிலேர்ந்து அதிகாரி வராரு. தினக்கூலி ஆளுங்கள்ல யாரைப் பணி நிரந்தரம் பண்ணலாம்னு பாக்க வராரு. உங்க கட்டடத்துக்கு ஆளே வேணாம்னு நான் சொல்லிட்டேன். பசங்க கூட்டுறத நேர்ல காட்டப் போறேன். நாமதான் முன்மாதிரி!"

எங்கள் கட்டடத்துக்கு ஆள் வேண்டாம் என்றால் அஞ்சலை வேண்டாம் என்று அர்த்தம். தினக்கூலிக்கு விடுப்பு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. வராத நாளுக்குக் கூலி கிடையாது. கணவர் இல்லாத பெண், இந்த நிரந்தரத்துக்காகத்தான் காய்ச்சலில்கூட வந்து கூட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை விட்டால் இனி எப்போது வருமோ தெரியாது. ஜப்பானிலிருந்து வந்த நல்ல பழக்கம் கடைசியில் அவருடைய வாயில் மண்ணைப் போடப் போகிறது.

ஹயாஷி சார் பற்களுக்கிடையே காற்றை இழுத்தார். "இது சற்றுக் கடினம்" என்றார். ஜப்பானியர் வாயில் அது, முடியாது என்பதை விடவும் அழுத்தமான மறுப்பு. டைரக்டருக்கு அது எப்படித் தெரியும்? "கஷ்டந்தான் சார். ஆனா நம்ம பசங்க அசத்திடுவாங்க!" என்று அவர் தோளில் தட்டினார். அன்றே அஞ்சலையைத் தோட்டம் கூட்ட அனுப்பி, கட்டடத்துக்குள் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

மாலையில் ஹயாஷி சார் அஞ்சலையை வகுப்புக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். அஞ்சலை உட்காரவில்லை. அவரும் நின்றுகொண்டே கேட்டார்: "அம்மையாரே, தாங்கள் எம்மீது சினம் கொண்டுள்ளீர்களா?"

அஞ்சலைக்கு இதற்குள் அவருடைய தமிழ் பழகியிருந்தது. "கோவம் இல்லீங்கய்யா. பெரிய படிப்பு படிச்சவரு குனிஞ்சு கூட்டுறீங்க, நல்ல கொணந்தான். ஆனா நீங்க கூட்டுனா ஒங்களுக்கு நல்ல பேரு. நான் கூட்டுனாத்தான் எங்க வீட்டுல ஒல வைக்கலாம். இது ஒங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லலியா?"

கடைசிக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். ஹயாஷி சார், "எவரும் சொல்லவில்லை. யானும் கேட்கவில்லை" என்றார். ஊரையே துருவித் துருவிக் கேட்ட மனிதர் அப்படிச் சொன்னபோது எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

மறுநாளே ஹயாஷி சார் சுத்தம் செய்யும் பாடவேளையை நிறுத்திவிட்டார். டைரக்டர் அதிகாரியை அழைத்துவரப் பாண்டிச்சேரி போயிருந்தார், திரும்ப ஒரு வாரம் ஆகும். ஜன்னல் வழியே கடற்காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. ஒட்டடை படிந்தது. காகிதம் சிதறியது. பிள்ளைகளுக்கோ கை பரபரத்தது. ஜெயந்தி தன்னை அறியாமல் ஒரு காகிதத்தைப் பொறுக்க, ஹயாஷி சார் அதை வாங்கித் திரும்பத் தரையில் போட்டார். போட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. குப்பை போட அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனால் என் கவலை வேறு. மேலதிகாரியை வெளியார் முன்னிலையில் மறுத்துப் பேசக் கூடாது என்பது அவர் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். டைரக்டர் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார், அவர் போன பிறகுதான் உட்காருவார். அந்த மனிதர், அதிகாரியின் எதிரில் டைரக்டர் "ஆரம்பிங்க சார்" என்றால் என்ன செய்வார்? "என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். "யான் மறுத்துப் பேச மாட்டேன்" என்றார்.

அதிகாரி வந்தார். வெயிலில் களைத்த, பருத்த மனிதர். வாசலிலேயே மணலில் செருப்பு நறநறக்க, டைரக்டரைத் திரும்பிப் பார்த்தார். டைரக்டரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சமாளித்தார்.

"வேணும்னேதான் சார் இப்படி விட்டு வெச்சிருக்காங்க. இப்ப பாருங்க, கண்ணாடி மாதிரி ஆக்கிடுவாங்க. ஹயாஷி சார், ஆரம்பிக்கலாம்."

ஹயாஷி சார் டைரக்டரைப் பார்த்து ஆழமாக வணங்கினார். அதிகாரியை வணங்கினார். அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார். அப்படியே அந்த மணலிலும் குப்பையிலும் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பேசவில்லை.

பிள்ளைகளிடம் அவர் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை; இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கலியபெருமாள்தான் முதலில் அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். அதன்பின் ஜெயந்தி. பிறகு எல்லோரும். நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன சார் இது? கூட்டுவாங்கன்னு சொன்னீங்க, ஒக்காந்துட்டாங்க?"

ஹயாஷி சார் அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "ஐயா, இவ்வறை மிகவும் அழுக்காக உள்ளது. எங்களுக்கு அஞ்சலை அம்மையார் தேவைப்படுகிறார்."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "ரெஜினா, அவரு ஏதோ தப்பா சொல்லுறாரு. என்ன சொல்ல வராருன்னு நீங்க தமிழ்ல சொல்லுங்க."

"அவர் சொன்னது தமிழ்தான் சார்" என்றேன்.

அதிகாரி முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "யாருய்யா அந்த அஞ்சலை? கூப்புடுங்க" என்றார். தோட்டத்திலிருந்து வந்த அஞ்சலை, நாங்கள் எல்லோரும் மண்ணில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாயில் கை வைத்துக்கொண்டார்.

"எம்புட்டு நாளா இங்க வேலை பாக்குறீங்க?"

"இந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடிச்ச அன்னிலேர்ந்துங்க."

அதிகாரி வேறு எதுவும் கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு முன்னால் ஆணை வந்தது, அஞ்சலை நிரந்தரம். டைரக்டர் அதன்பின் ஹயாஷி சாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர் மட்டும் வழக்கம்போல அவரைக் கண்டதும் எழுந்து நின்று வணங்கிக்கொண்டே இருந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் அதை நீட்டிக்க டைரக்டர் பரிந்துரை செய்யவில்லை. எனக்கு அதில் இன்றுவரை ஆத்திரம்தான். ஹயாஷி சாருக்கு இருந்ததா என்று கேட்டுப் பார்த்தேன். "சற்றுக் கடினம்" என்று சிரித்தார்.

அவர் புறப்படுவதற்கு முன்பு ஒரு நாள் அஞ்சலையிடம் போய், "அம்மையாரே, மாணவர்கள் மீண்டும் ஒரு முறை கூட்ட விரும்புகின்றனர். தங்கள் அனுமதி உண்டா?" என்று கேட்டார்.

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். "ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கிங்க ஐயா. அன்னிக்கு எனக்கு லீவு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நான் போனபோது வேலை தொடங்கியிருந்தது. ஹயாஷி சார் தலையில் துண்டோடு ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். கலியபெருமாள் ஈரத்துணியோடு ஓடிக்கொண்டிருந்தான். வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு, தலை நிறையக் கனகாம்பரத்தோடு, மடிப்புக் கலையாத புடவையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார்.

"லீவு நாளும் அதுவுமா ஏன் வந்தீங்க அஞ்சலைம்மா? வீட்டுல இருக்கலாமுல்ல?" என்று கேட்டேன்.

"வீட்டுல இருந்தா லீவு மாதிரியே தெரியல டீச்சரம்மா. அங்கயும் கூட்டணும், கழுவணும். நீங்கல்லாம் கூட்டுறத இப்புடி ஒக்காந்து பாத்தாத்தான், லீவுன்னா என்னன்னு தெரியுது."